நான் இருக்காத விரதம்

எனக்குத் தொழுநோய் இருந்தது.

இந்த மூன்று சொற்களை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஏழு மாதமும் பத்தொன்பது நாளும் ஆயின. எழுதி வைக்க, அதற்கு மேலும் இரண்டே கால் வருடம். இப்போது குணமாகிவிட்டது. இருபத்து நான்கு அட்டை மாத்திரையும் முடிந்து பதினோரு மாதம் கழிந்திருக்கிறது. சென்ற வாரம் காது மடலைக் கீறி எடுத்துப் பார்த்த சோதனையிலும் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை நான்கு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் முறையும் படித்தேன். இந்த நோய் வந்து, அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு நோய்க்காரர்கள் படித்தாலும் பாதகமில்லை.

நான் முப்பத்து நான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுபத்தொன்றிலும் எண்பத்தொன்றிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன். எண்ணுவது அப்போது தொழிலாக இருந்தது. பிறகு அதுவே சுபாவமாகிவிட்டது. என் மனைவி சிவகாமி தோசை சுட்டுப் போட்டால், "இது நாலாவது" என்று சொல்லிவிட்டுத்தான் பிய்ப்பேன்.

"ஒங்களுக்கு வயிறு சொல்லாதா, வாய்தான் சொல்லணுமா?" என்பாள்.

கணக்கெடுப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. சில வீடுகளில் ஆளை மறைப்பார்கள். வீட்டில் ஐந்து பேர் என்பார்கள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அது வருகிற நேரத்துக்குள் தட்டுகளை எண்ணிவிடுவேன். ஒரு வீட்டில் அடுக்களையில் ஐந்து தட்டு இருந்தது. ஆறாவது தட்டு தொழுவத்துப் பக்கம் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. "அது யாருடைய தட்டு?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். அந்தக் கதையை அலுவலகத்தில் பெருமையாகப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அந்த ஆறாவது ஆள் யார், என்ன சுகவீனம் என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கை சரியானதே எனக்குப் போதுமாக இருந்தது.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஆற்று மீன். வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து படித்துறைக்கு அறுநூற்று நாற்பது எட்டு வைக்க வேண்டும். தினமும் காலையில் போய், கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விடுவேன். கெண்டைக் குஞ்சுகள் வந்து பாதத்தைக் கொத்தும். அந்த ஐப்பசியில் ஒரு நாள், வலது காலில் கூசியது, இடது காலில் ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் மீன் வரவில்லை போலும் என்று குனிந்து பார்த்தேன். ஏழெட்டுக் குஞ்சுகள் என் இடது பெருவிரலைத்தான் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

மூன்று நாள் இடம் மாற்றி உட்கார்ந்து பார்த்தேன். மீனைக் குறை சொல்ல வழியில்லை. சர்க்கரை இருக்கும் என்று ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை இல்லை. அதற்குப் பிறகு பயம் வந்தது. கையிலும் முதுகிலும் இருந்த வெளிர் சிவப்புத் திட்டுகளைத் தேமல் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று எண்ணினேன். ஏழு.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். தோல் பிரிவுக்கு முன்னால் நான்கு பெஞ்சு, கண் பிரிவுக்கு முன்னால் ஐந்து. தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று கண் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். என் எண் முப்பத்தொன்று. அதைக் கூப்பிட்டதும் வராந்தாவைக் குறுக்கே கடந்து ஓடினேன்.

எஸ்தர் டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். குரல் பள்ளிக்கூட ஆசிரியையின் குரல். "கண்ணை மூடிக்கோங்க சார். பஞ்சுத் திரியால தொடுவேன். தொடத் தொட எண்ணிச் சொல்லுங்க" என்றார். எண்ணச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எண்ணினேன். பதினொன்றில் நின்றது. காத்திருந்தேன்.

"முடிஞ்சுட்டுதா டாக்டர்?"

"நான் பத்தொன்பது தடவை தொட்டேன் சார்."

என் வாழ்க்கையில் எண்ணிக்கையில் எட்டு தவறியது அதுதான் முதல் தடவை.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "இது தொழுநோய். இதுக்கு இப்ப மருந்து இருக்கு, குணமாயிரும்" என்று ஒரே மூச்சில் சொன்னார். பிறகு விளக்கினார். இது ஒரு கிருமி. மெல்ல வளரும். உடம்பில் குளிர்ந்த இடங்களை, தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்புகளைப் பிடிக்கும். நரம்பு கெட்டால் அந்த இடம் மரத்துப் போகும். மரத்த இடத்தில் சூடு தெரியாது, முள் தெரியாது. விரல் அழுகுவது கிருமியால் இல்லை, தெரியாமல் படுகிற காயத்தால். மருந்து இலவசம். மாதம் ஒரு நாள் அங்கே வந்து, நர்ஸ் முன்னால் பெரிய மாத்திரைகளை விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது. மற்ற நாட்களில் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு பழுப்பு உருண்டை. பழுப்பு உருண்டை தோலைக் கறுப்பாக்கும். முடிந்த பிறகு நிறம் மெல்லத் திரும்பும். மருந்து தொடங்கிய சில நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றுகிற சக்தி போய்விடும். தட்டு, தம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லணும்னு இல்லை. வீட்டுக்குச் சொல்லுங்க. கூட இருக்கறவங்களையும் ஒரு தடவை நான் பார்க்கணும்."

"மகள் கல்யாணம் முடியட்டும் டாக்டர்."

"கல்யாணம் எப்போ?"

"மாப்பிள்ளை இனிமேல்தான் பார்க்கணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு என் நிலைமை தெரியாது. என் ஒரே மகள் வடிவுக்கு இருபத்தொன்பது வயது. பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். செவ்வாய் தோஷம் என்று பதினோரு இடம் தட்டிப் போயிருந்தது. அப்பனுக்கு இந்த நோய் என்று ஊரில் ஒரு சொல் விழுந்தால், பன்னிரண்டாவது இடம் வாசல் படியே மிதிக்காது.

ஆகவே மறைத்தேன். முழுக்கை சட்டை தைத்துக்கொண்டேன். மாத்திரை அட்டைகளைப் பழைய கணக்கெடுப்புப் பைக்குள் வைத்தேன். படித்தவன், டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன். இருந்தும் முதல் வாரத்திலேயே என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நானே கழுவினேன். பாயை முன்னறைக்கு மாற்றினேன். யார் வீட்டிலோ பார்த்த ஆறாவது தட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை வைத்தவனும் நான், அதில் தின்றவனும் நான்.

சிவகாமி இரண்டு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள், தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் அவள் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்ததை வெளியே நின்று கேட்டேன்.

"எங்க அவுக முருகனுக்கு வெரதம் இருக்காகட்டி. வடிவு கல்யாணத்துக்குத்தான். தட்டு தனி, தம்ளர் தனி, பாய் தனி. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வெயில்லயே நடந்து நடந்து எப்படிக் கருத்துட்டாக தெரியுமா!"

நான் உள்ளே போய் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. வீடு திரும்பியதும் நெற்றியில் திருநீற்றைக் கொஞ்சம் தாராளமாகப் பூசிக்கொண்டேன்.

அந்த விரதம் என்னை விட வேகமாக நடந்தது. சிவகாமியின் தங்கை மூலம் அம்பாசமுத்திரம் வரை போய்விட்டது. அங்கே நெல் வியாபாரம் செய்கிற சங்கரலிங்கம் அண்ணாச்சி தன் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். மகளுக்காக இப்படி விரதம் கிடக்கிற மனிதர் வீட்டில் தோஷமாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டாராம். பெண் பார்க்க வருகிறோம் என்று தாக்கல் வந்தது. அதற்குள் நான் வாய் திறந்து சொன்ன பொய் இருபத்தாறு. வாய் திறக்காமல் சொன்னவற்றை எண்ண வழியில்லை.

அந்த வாரம் இடது முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நின்றது. முழங்கை வலித்தாலோ விரல் பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியிருந்தார். நான் பெண் பார்க்கும் நாள் வரை பொறுத்தேன். சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். கட்டை மீசை, கனத்த உடம்பு. கரண்டைக்கால் வரை மூடி வேட்டி கட்டியிருந்தார். பெண்ணைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒம்ம கையாலதான் நிச்சயத் தாம்பூலம் வாங்குவேன் வே. வேற ஆளு கை எனக்கு வேண்டாம்."

அவர் கண்ணில் ஒற்றிய இடது சுண்டுவிரலுக்கு அவர் கன்னம் தெரியவில்லை.

மறுநாள், அதாவது வலி தொடங்கிய எட்டாம் நாள், திருச்செந்தூரில் இருபத்தொரு நாள் தங்கி விரதத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சிவகாமி இரண்டு வேட்டி, துண்டு, திருநீற்றுப் பை, அர்ச்சனைக்கு ஒரு தேங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். தேங்காயோடு போய் மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

எஸ்தர் டாக்டர் என் முழங்கையை அழுத்தினார். நான் கத்தினேன். "எட்டு நாளா வீட்டுல வச்சு அழகு பார்த்தீங்களா?" என்றார். செத்த கிருமிகளோடு உடம்பு சண்டை போடும்போது நரம்பு வீங்குமாம். வீக்கம் தங்கினால் விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிடும். வீக்கத்தை வற்ற வைக்கிற மாத்திரை காலையில் எட்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கையை, சுட்டுவிடாத பதத்தில் உருகிய மெழுகில் முக்கி எடுத்து, எண்ணெய் தேய்த்து, விரலை நீட்டி மடக்க வேண்டும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு சீட்டைச் செருகி, "பிடியுங்க" என்று சொல்லி இழுப்பார்கள். முதல் நாள் அந்தச் சீட்டு காற்றில் உருவியது போல வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் புன்னக்காயல் சூசை. மீன்பிடிக்கிறவர், நாற்பத்தைந்து வயது. வலது கை விரல்கள் சுருண்டுபோய், அறுவை செய்து, வேறு தசைநாரை எடுத்துப் பொருத்தி, கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் என் தேங்காயைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டார்.

"அண்ணாச்சி, அது என்ன, வார்டுக்கு வார்டு ஒடைக்கப் போறீரா?"

ஊமையாக இருந்து இருந்து எனக்கும் அலுத்திருந்தது. விரதக் கதை முழுவதையும் சொன்னேன். சூசை சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நானும் ஆறு வருசம் வாயைத் தொறக்கல வே. கடைசில என் கையி தானாச் சொல்லிட்டு. வலையை இழுக்கையில வெரலு நிமிரல. கடக்கரையில அம்புட்டுப் பேரும் பாத்தாவ. நாமளே சொன்னா நம்ம வார்த்தையில சொல்லலாம்லா? கை சொன்னா, ஊரு வார்த்தையிலதான் சொல்லும்."

அதற்கு மேல் அவர் உபதேசம் செய்யவில்லை. காலையில் கொடுத்த முட்டையை நான் சைவம் என்று ஒதுக்கியதை எடுத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், பார்வையாளர் நேரத்தில், வார்டு வாசலில் சிவகாமி நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அவளுக்குப் பின்னால் வடிவு. சிவகாமி என்னைப் பார்த்தாள், என் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் தேங்காயைப் பார்த்தாள்.

"முருகன் இங்கனதான் இருக்காரா?" என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவளே சொன்னாள். எனக்குப் பிடிக்குமே என்று தயிர்சாதமும் துவையலும் கட்டிக்கொண்டு முந்தின நாள் திருச்செந்தூர் போயிருக்கிறாள். கடற்கரை, மண்டபம், சத்திரம் என்று மூன்று மணி நேரம் தேடியிருக்கிறாள்.

"முதுகு காட்டி ஒக்காந்திருந்த மொட்டைத் தலையை எல்லாம் சுத்தி வந்து மூஞ்சியப் பாத்தேன். ஒருத்தன் ஏசிட்டான். வீட்டுக்கு வந்து ஒங்க பையைத் தொறந்தேன். ஏழு காலி அட்டை. எண்ணி, நூலு போட்டுக் கட்டி வச்சிருக்கிய. தூரப் போட மனசு வரலயோ?"

வடிவு அட்டையில் இருந்த மருந்துப் பெயரையும் ஆஸ்பத்திரி முத்திரையையும் படித்துப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

"சொல்லிட்டா நீ பயந்துருவியேன்னு..." என்றேன்.

"தட்டைத் தனியா வச்சியளே, அன்னைக்கு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் மேல அருவருப்போன்னு நெனச்சேன். முப்பத்தோரு வருசத்துக்குப் பொறவு. ரெண்டு மாசம் அதையே நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். பொறவுதான் வெரதம்னு நானா ஒண்ணைச் சொல்லிக்கிட்டேன். ஊருக்குச் சொல்லச் சொல்ல எனக்கே நெசமாப் போயிட்டு."

மறைத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் போட்டிருந்த கணக்கு அந்த இடத்தில் உடைந்தது. நான் அழுதேன். சிவகாமி பிளாஸ்கைத் திறந்து ஒரே தம்ளரில் காபி ஊற்றினாள். பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். "குடிங்க, ஆறிரும்" என்றாள். அவ்வளவுதான். சூசை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றே டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். சிவகாமியைக் கண்ணை மூடி எண்ணச் சொன்னார். இருபத்திரண்டு தொட்டார், இருபத்திரண்டையும் சொன்னாள். "இந்த வீட்டுல ஒழுங்கா எண்ணுத ஆளு யாருன்னு இப்பத் தெரியுதா?" என்று என்னைப் பார்த்தாள். வடிவுக்கும் ஒன்றுமில்லை.

வடிவு போகும்போது கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "அப்பா, அம்பாசமுத்திரத்துக்காரங்கட்ட நீங்க சொல்லணும்."

"பன்னெண்டாவது இடம்ட்டி."

"இருக்கட்டும். மறைச்சுக் கட்டிக் குடுத்தியன்னா, அந்த வீட்டுல நான் தும்முனாக்கூட யோசிச்சுத் தும்மணும். தாம்பூலம் மாத்துததுக்கு முன்னால சொல்லுங்க. சொல்லலேன்னா நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன்."

பதினேழாம் நாள், விரலிடுக்கில் சீட்டு நின்றது. டாக்டர் இழுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சீட்டு கிழிந்தது. வார்டில் பதினான்கு பேரும் கை தட்டினார்கள். கட்டுப் போட்ட கையோடு சூசை தொடையில் தட்டினார். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் புறப்பட்டபோது தேங்காயை உடைத்துப் பதினான்கு சில்லாகக் கீறி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது. சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. மூன்று தடவை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மூன்று தடவையும் அங்கே மணி அடித்ததும் வைத்துவிட்டேன். கடிதம் எழுதினேன், நான்கு பக்கம். கிழித்தேன். இதை நான் வீரமாகச் செய்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அன்று வீட்டில் நாற்பத்து மூன்று பேர். அடுக்களையில் தேங்காய்ப்பால் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் தாம்பூலத் தட்டு. சங்கரலிங்கம் அண்ணாச்சி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"பொண்ணு தோஷத்தைப் பத்தி ரெண்டொருத்தர் பேசினாவ. நான் சொல்லுதேன், இருபத்தொரு நாள் செந்தூர்ல கிடந்து வந்த மனுசன் இந்தா ஒக்காந்திருக்காரு. அவரு ஒரு வார்த்தை பேசட்டும்."

உள்ளறை வாசலில் வடிவு நின்றாள். நான் எழுந்தேன். முழுக்கை சட்டையின் பொத்தானைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டேன்.

"நான் செந்தூருக்குப் போகலை. விரதமும் இருக்கலை. ஆஸ்பத்திரியில இருந்தேன். எனக்குத் தொழுநோய் இருக்கு."

அடுக்களையில் கரண்டி ஒன்று விழுந்தது. அதன் சத்தம் அடங்கும் வரை நின்றுவிட்டு, மற்றதையும் சொன்னேன். மருந்து தின்கிறேன், யாருக்கும் தொற்றாது, மனைவிக்கும் மகளுக்கும் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை, டாக்டர் சீட்டு இதோ இருக்கிறது. அலுவலகத்தில் அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னேன். வேறு குரல் என்னிடம் இல்லை.

மாப்பிள்ளையின் அத்தை முதலில் எழுந்தார். பிறகு வரிசையாக எழுந்தார்கள். பத்தொன்பது பேர் சாப்பிடாமல் போனார்கள். சிவகாமியின் சொந்த அண்ணன் அதில் ஒருவர். மாப்பிள்ளைப் பையன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் அண்ணாச்சி காலை வேட்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் நிழல் படக்கூடாது என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். கடைசியில், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனார். தாம்பூலத் தட்டு அங்கேயே கிடந்தது.

வடிவு வந்து என் சட்டைக் கையை இறக்கிவிடாமல், இன்னும் ஒரு மடிப்பு மேலே சுருட்டிவிட்டாள். "பசிக்குப்பா, வாங்க" என்றாள். அன்று ஏழு மாதத்துக்குப் பிறகு எல்லோர் தட்டோடும் என் தட்டையும் வைத்துச் சாப்பிட்டேன். மகள் கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஆனாலும் மூன்று தடவை சொதி வாங்கினேன். உண்மையைச் சொன்னால் நன்றாகப் பசிக்கிறது.

பதினோராம் நாள் காலை, சங்கரலிங்கம் அண்ணாச்சி தனியாக வந்தார். தாம்பூலம் வேண்டாம் என்று நேரில் சொல்ல வந்திருக்கிறார் என்று சிவகாமி உள்ளே போய்விட்டாள். அவர் வாசல் கதவைச் சாத்தினார். உட்காரவில்லை. வேட்டியை முழங்கால் வரை தூக்கி, வலது கெண்டைக்காலைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

"நாலு வருசம் வே. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. இதுக்குப் பயந்துதான் மவன் கல்யாணத்துக்கு இந்தப் பறப்புப் பறந்தேன். வெளிய தெரியுததுக்கு முன்னால முடிச்சிரணும்னு. நீரு அன்னைக்கு நாப்பது பேரு முன்னால கையைச் சுருட்டினீரு பாரும்... என் கால எங்க கொண்டுபோயி வைக்கதுன்னு எனக்குத் தெரியல."

அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான் சீட்டு வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் நேராகப் போய்க் கண் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"எந்திரியும் வே. அது என் பழைய எடம்" என்றேன். கையைப் பிடித்து இழுத்து வந்து தோல் பிரிவுக்கு முன்னால், முதல் பெஞ்சில், நடுவில் உட்கார வைத்தேன். வண்ணார்பேட்டை ஆட்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாகப் போனார்கள். நானே கூப்பிட்டு வணக்கம் சொன்னேன்.

எஸ்தர் டாக்டர் பஞ்சுத் திரியை எடுத்தார். அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எண்ணினார். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு. ஒன்றுகூட விடவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. டாக்டர் திட்டைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"இது வெறும் படர்தாமரை. களிம்பு தாரேன். ரெண்டு மாசம் தடவுங்க, ஈரத்தோட வேட்டி கட்டாதீங்க."

சங்கரலிங்கம் அண்ணாச்சி அந்தக் களிம்புக் குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு வருசம்! இதுக்கா!" என்றார். வராந்தாவுக்கு வந்தும் அதையே சொன்னார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தத் தாம்பூலத் தட்டு இன்னும் இருக்கா, இல்ல வெத்தலையைப் போட்டு முடிச்சிட்டியளா?"

அடுத்த தை மாதம் கல்யாணம். அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். என் நிறம் அப்போது நன்றாகக் கறுத்திருந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கு எல்லாம் சொன்னேன். அன்று மட்டும் முப்பத்தொரு தடவை. என் இருபத்தாறு பொய்யும் கழிந்து ஐந்து மீதி. எழுந்து போன பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் வந்தார்கள். சிவகாமியின் அண்ணன் வந்து இரண்டு பந்தியில் சாப்பிட்டார். தாரை வார்க்கும்போது என் கைக்கு மேல் வடிவின் கை, அதற்கு மேல் தண்ணீர். நான்கு விரலில் தண்ணீர் குளிர்ந்தது. சுண்டுவிரலில் மட்டும் தெரியவில்லை. ஐந்துக்கு நான்கு. நான் பார்த்த எந்தத் தேர்விலும் அது முதல் வகுப்புத்தான்.

அதற்குப் பிறகு இன்று வரை என்னிடம் தங்கள் தோலைக் காட்ட வந்தவர்கள் பதினேழு பேர். இரண்டு பேர் விடிவதற்குள் வந்தார்கள், ஒருவர் பின்வாசல் வழியாக. எல்லோரையும் எஸ்தர் டாக்டரிடம் கூட்டிப் போய் அதே பெஞ்சில் உட்கார வைத்தேன். மூன்று பேருக்குத்தான் இந்த நோய். மூன்று பேரும் விரல் மடங்குவதற்கு முன்னால் மருந்து தொடங்கிவிட்டார்கள். சூசை படகுக்குத் திரும்பிவிட்டார். வடிவு கல்யாணத்துக்கு வந்து, நிமிர்ந்த விரல்களால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தனித் தட்டு கவிழ்ந்து கிடந்த அந்தப் பழைய வீட்டையும் ஒரு நாள் தேடிப் போனேன். வீடு இடிந்துவிட்டது. ஆட்கள் எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அது ஒன்றுதான் நான் சரி செய்ய முடியாமல் போனது.

இடது பாதத்தில் மீன் கொத்துவது இன்னும் தெரியாது. தினமும் சாயங்காலம் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். மெத்தை வைத்த செருப்பு இல்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை. படிக்கிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். மரத்த காலுக்குக் கண்தான் காவல்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், பல மாதம் கழித்து, படித்துறைக்குப் போனேன். சட்டை இல்லாமல். எனக்கு அடுத்த படியில் தினமும் குளிக்கிற ஆறுமுகம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிக் கருத்துட்டீரு? வெரதம் இன்னும் முடியலையோ?"

சொன்னேன், அதே மூன்று சொல். அவர் தன் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு நான்கு படி தள்ளிப் போய்விட்டார். மறுநாள் மூன்று படி தள்ளி உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் மூன்று. நான் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆறாம் நாள் பழைய இடத்துக்கே வந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "மருந்து ஒழுங்காத் திங்குதீரா?" என்று கேட்டார். "திங்குதேன்" என்றேன். கொஞ்ச நேரம் துவைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேய்க்கிற நாரைத் தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எட்டல வே."

இடது கையால் வாங்கினேன். ஐந்து விரலும் சேர்ந்து நாரைப் பிடித்துக்கொண்டன. தேய்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயும்" என்று ஆறுமுகம் சிடுசிடுத்தார். "கையில பெலம் இல்லையா?"

"இருக்கு" என்று சொல்லி, அழுத்தித் தேய்த்தேன்.